சூட்டோடு சூடாகக் கட்டாதீர்கள்: கறி வியாபாரத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு

வீட்டுக்கு வீடு கறி கொண்டுபோய்க் கொடுக்கும் தொழில் தொடங்கிய தம்பி ஒருவர், போன வாரம் தன் கடையைப் பார்க்கக் கூப்பிட்டார். கத்தி, பலகை, கை எல்லாம் சுத்தம். ஆனால் அறுத்து ஒரு மணி நேரம்கூட ஆகாத ஆட்டுக்கறியை வேக்குவம் கவரில் போட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. 12 வருடத்துக்கு முன்னால் நானும் இதையேதான் செய்தேன். புதியவர்கள் செய்யும் தவறுகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

ஆறாத கறியை அடைப்பது

தீபாவளிக்கு முந்தின நாள், 40 கிலோ. ஐந்தைந்து கிலோவாகக் கட்டி, டீப் ஃப்ரீசரில் செங்கல் மாதிரி அடுக்கினேன். காலையில் ஓரத்துக் கவர்கள் கல்லாக இருந்தன. நடுவில் இருந்ததை அழுத்தினால் விரல் அமுங்கியது. பிரித்தால் புளித்த வாடை. பாதிக்கு மேல் குழிக்குப் போனது.

டீப் ஃப்ரீசர் என்பது ஏற்கெனவே உறைந்ததை அப்படியே வைத்திருக்கும் பெட்டி. வெதுவெதுப்பான 40 கிலோவை ஒரே இரவில் உறைய வைக்க அதற்குத் திராணி கிடையாது. கறியின் தடிமன் இரண்டு மடங்கானால், குளிர் நடுவரை போய்ச் சேர ஏறக்குறைய நான்கு மடங்கு நேரம் ஆகும். அதுவரை உள்ளே பாக்டீரியாவுக்குக் கொண்டாட்டம். தோதான சூட்டில் சில வகைகள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். ஒன்று 3 மணி நேரத்தில் 512 ஆகிவிடும்.

வேக்குவம் மெஷின் கவரில் உள்ள காற்றை உறிஞ்சிவிடும், சூடு அப்படியே உள்ளே இருக்கும். காற்று இல்லாவிட்டால் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா அடங்கும், உண்மைதான்; குளிரில் வைத்த கறி பிசுபிசுத்து நாறுவது பெரும்பாலும் அதனால்தான். ஆனால் காற்றே வேண்டாத வகைகள் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

அதனால் முழு உடலாகவே குளிரறையில் தொங்கவிடுங்கள். நடுத்தொடையில் தெர்மாமீட்டரைக் குத்தி 4 டிகிரி காட்டிய பிறகு வெட்டுங்கள், அப்புறம் கட்டுங்கள். பெட்டியின் முகப்பில் ஒளிரும் எண்ணை நம்பாதீர்கள், அது உள்ளே இருக்கும் காற்றின் கணக்கு. கவர் அரை கிலோவாக, தட்டையாக இருக்கட்டும். அடுக்கும்போது நடுவே இடைவெளி விடுங்கள்.

நிறத்தைப் பார்த்து மிரள்வது

வேக்குவம் கவரில் கறி ஊதா கலந்த கருஞ்சிவப்பாகத்தான் தெரியும். பிரித்து அரை மணி நேரம் வைத்தால் சிவந்துவிடும். வாங்குபவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், போன் அழைப்பு பாதியாகும்.

'ஃப்ரிட்ஜில்தானே இருக்கிறது' என்று நாள் கடத்துவது

லிஸ்டீரியா என்ற நோய்க்கிருமி 4 டிகிரியிலும் வளரும், காற்று இல்லாமலும் வளரும். வாடையை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

ஃப்ரீசர் கிருமியைக் கொன்றுவிடும் என்பது

பெரும்பாலானவை சாவதில்லை. ஐஸ் விட்டதும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

சிங்க்கில் போட்டு ஐஸ் விடவைப்பது

வேண்டாம். முந்தின ராத்திரியே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள்.