பீஷான் ஆற்றங்கரை நடை: பிள்ளைகுட்டியோடு புதிதாக வந்தவர்களுக்கு

சிங்கப்பூருக்கு வந்த புதிதில் வார இறுதி என்றாலே லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தை, முஸ்தபா கடை, ஏசி போட்ட கடைத்தொகுதி என்று சுற்றுவோம். காசும் கரையும், பிள்ளைகளும் சிணுங்குவார்கள். ஒரு சனிக்கிழமை காலை பீஷான் - அங் மோ கியோ பூங்காவுக்குப் போய்ப் பாருங்கள். நுழைவுக் கட்டணம் இல்லை, தள்ளுவண்டி உருட்டப் பாதை நன்றாக இருக்கும், ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவுக்கு உட்கார இடமும் கழிவறையும் உண்டு. பீஷான் எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து பதினைந்து இருபது நிமிட நடை, அதற்குள் பெரியவர்கள் களைத்துவிடுவார்கள் என்றால் அங் மோ கியோ அவென்யூ 1 வழியாகப் போகும் பேருந்தில் ஏறிப் பூங்கா அருகிலேயே இறங்கிக்கொள்ளலாம்.

பூங்கா 62 ஹெக்டர், முழுவதையும் ஒரே நாளில் சுற்ற வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. பிள்ளைகள் எங்கே நிற்கிறார்களோ அங்கேயே நின்றுவிடுங்கள்.

நடுவில் ஓடும் காலாங் ஆறு முன்பு நேர்கோட்டில் போன ஒரு சிமெண்டுக் கால்வாய், பக்கத்தில் போகக்கூட யாருக்கும் தோன்றாது. அந்த 2.7 கிலோமீட்டர் கால்வாயை உடைத்து, வளைந்து நெளிந்து ஓடும் 3.2 கிலோமீட்டர் ஆறாக மாற்றி 2012ல் வேலையை முடித்தார்கள். உடைத்த சிமெண்டுப் பலகைகளையும் வீணாக்காமல் அங்கேயே ஒரு சிறு மேட்டில் அடுக்கியிருக்கிறார்கள், பிள்ளைகள் ஏறி விளையாடப் பிடிக்கும். கரை சரியாமல் பிடித்து நிற்பதில் செடிகளுக்கும் வேருக்கும் பெரிய பங்கு உண்டு, அதனால்தான் பார்க்க இயற்கையான ஆறு மாதிரி இருக்கிறது.

இனி சொல்வதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். மழை இல்லாத நாளில் ஆறு சின்ன ஓடை மாதிரிதான் இருக்கும், தண்ணீர் ஓரம் வரை இறங்கலாம், கல் மேல் கால் வைத்துத் தாண்டலாம். ஆனால் நீங்கள் பாய் விரித்து உட்காரும் அந்தப் பச்சைப் புல்வெளியும் ஆற்றுக்கு உரிய இடமே. பெருமழை பெய்தால் தண்ணீர் விரிந்து ஓட வேண்டும் என்றே அப்படி வெட்டியிருக்கிறார்கள், ஏறக்குறைய 100 மீட்டர் அகலம் வரை விரியும். உங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஆற்றின் மேற்பகுதியில் கொட்டும் மழை தண்ணீரைக் கொண்டு வந்துவிடும். நீர்மட்டம் ஏறினால் சைரன் ஒலிக்கும், விளக்கு மின்னும், அறிவிப்பும் வரும். சைரனைக் கேட்டபின் பையை மடித்துக்கொண்டிருக்காதீர்கள், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு உடனே மேலே ஏறிவிடுங்கள். வானம் கறுக்கும்போதே ஏறிவிட்டால் இன்னும் நல்லது. உலகிலேயே மின்னல் அதிகமாக விழும் இடங்களில் சிங்கப்பூரும் ஒன்று என்பதால் மரத்தடியில் ஒதுங்கவும் கூடாது. பிற்பகல் மழை இங்கே சாதாரணம், சூரியன் ஆண்டு முழுவதும் காலை ஏழு மணி வாக்கில்தான் உதிக்கும், ஆக ஏழரைக்கு வந்து பத்துக்குள் கிளம்புவதே என் கணக்கு. தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் மைஎன்வி செயலியை போனில் போட்டு வைத்துக்கொண்டால் மழை, மின்னல் விவரம் தெரியும்.

மீன்கொத்தி, கொக்கு, பெரிய நீர் உடும்பு எல்லாம் கண்ணில் படும். உடும்பு தன் போக்கில் போகும், நாமும் நம் போக்கில் போக வேண்டியதுதான். நீர்நாய்கள் சில நாள் வரும், சில நாள் வராது. வந்தால் கூட்டம் கூடிப் படம் எடுப்பார்கள், குட்டியோடு இருக்கும்போது மட்டும் நன்றாகத் தள்ளி நில்லுங்கள். 2021ல் தாவரவியல் பூங்காவில் ஒருவரை நீர்நாய்க் கூட்டம் கடித்துக் குதறியது. இட்லித் துண்டு, பிஸ்கட் எதையும் எந்த விலங்குக்கும் போடாதீர்கள், காட்டு விலங்குக்கு உணவு கொடுப்பது இங்கே சட்டப்படி குற்றம், அபராதம் ஆயிரக்கணக்கான வெள்ளி (டாலர்) வரை போகலாம்.

நம்மவர்களுக்கென்று இன்னொன்று. பூங்காவில் வேப்பமரத்தைக் கண்டதும் கை தானாக நீளும், பூவைக் கண்டால் சாமிக்கு என்று தோன்றும். பறிக்காதீர்கள், அதற்கும் அபராதம் உண்டு. வேப்பிலை தேக்காவில் கிடைக்கும். 2022 ஜூலை முதல் பொதுப் பூங்காக்களில் புகைபிடிக்கவும் தடை. குப்பையைத் தொட்டியில் போடுவது அபராதத்துக்குப் பயந்து மட்டும் அல்ல, இந்த ஆறு போய்ச் சேருவது மரினா நீர்த்தேக்கத்தில், அந்த நீரைச் சுத்திகரித்துத்தான் நம் வீட்டுக் குழாயில் விடுகிறார்கள்.

பாதையில் இடப்பக்கமாக நடங்கள். மணியடித்துக்கொண்டு சைக்கிள்கள் வேகமாக வரும், சின்னப் பிள்ளையின் கையை அங்கே மட்டும் விடாதீர்கள். கொசு மருந்து, தொப்பி, தண்ணீர், ஒரு மாற்றுத் துணி எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் எப்படியும் நனைவார்கள்.

இந்த இடம் பிடித்துப்போனால் அடுத்து பாசிர் ரிஸ் பூங்காவின் சதுப்புநிலக் காட்டுக்குப் போங்கள், மரப்பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள், தண்ணீர் வற்றும் நேரத்தில் போனால் சேற்றில் நண்டுகள் ஓடுவது தெரியும்.