கம்பெனிக்குள் வீடியோ எடிட்டர் வேலை: எங்கே சறுக்குகிறார்கள்?

ஏஜென்சியில் எடிட்டருக்கும் வாடிக்கையாளருக்கும் நடுவே பேசி முடித்துத் தர ஒருவர் இருப்பார். ஒரு கம்பெனியின் சொந்த எடிட்டராக, கூடவே டிசைனராகவும் சேர்ந்துவிட்டால் அந்த ஆள் கிடையாது. மார்க்கெட்டிங், எச்.ஆர்., விற்பனை என எல்லாரும் நேரே உங்கள் மேசைக்கு வருவார்கள். சிங்கப்பூர் அலுவலகங்களில் நான் பார்க்கிற சறுக்கல்களில் பெரும்பாலானவை மென்பொருளைத் திறப்பதற்கு முன்பே நடந்துவிடுகின்றன.

“தம்பி, சின்ன போஸ்டர்தான், மத்தியானத்துக்குள்ள முடிச்சிடலாமா?” என்று எச்.ஆர். அக்கா கேட்பார். இன்ஸ்டாகிராமுக்குத்தான் என்று நினைத்து 1080 பிக்சல் அகலத்தில் செய்து கொடுப்பீர்கள். சாயங்காலம் பார்த்தால் அது 85 செ.மீ. அகல ஸ்டாண்டியாக, அதாவது தரையில் நிற்கும் பேனராக, அச்சுக்குப் போயிருக்கும். அந்த அளவுக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 32 புள்ளிதான் மிஞ்சும். சன்ஷைன் பிளாசா அச்சுக்கடைக்காரர் என்ன செய்தாலும் மங்கலாகத்தான் வரும்.

ஆகவே எங்கே வரப்போகிறது, எப்போது வேண்டும், கடைசியாக யார் சரி சொல்வார் என்று முதலிலேயே கேளுங்கள். கேட்டதை இரண்டு வரி மின்னஞ்சலாகவும் அனுப்பிவையுங்கள். மூன்றாவது கேள்வியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். மேனேஜர் மூன்று முறை திருத்தி ஒப்புக்கொண்ட வீடியோவை டைரக்டர் கடைசி நாளில்தான் பார்ப்பார். அப்புறம் வேலை முதலிலிருந்து தொடங்கும். பார்வைக்கு அனுப்பும் வீடியோவை வாட்ஸ்அப்பில் போடாமல் லிங்க்காகக் கொடுங்கள். வாட்ஸ்அப் சுருக்கிக் காட்டுவதைப் பார்த்துவிட்டு, “ஏன் தெளிவா இல்ல?” என்பார்கள்.

தமிழராக இருந்தால் இன்னொரு பொறுப்பும் தானாக உங்கள் தலையில் விழும். நான்கு மொழி அறிவிப்பில் தமிழ்ப் பகுதி உங்களுடையது. வேர்டில் ஒழுங்காக இருந்த வாசகம் வீடியோ எடிட்டிங் மென்பொருளான பிரீமியரில் ஒட்டியதும் சிதைந்துபோகும். கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் உட்காரும், புள்ளி வட்டம் ஒன்று முளைக்கும். எழுத்துரு கெட்டுவிட்டது என்று பலர் வேறு எழுத்துரு தேடி அலைகிறார்கள். பெரும்பாலும் எழுத்துருவில் குறை இருக்காது. பிரீமியரிலும், அசையும் எழுத்து செய்ய உதவும் ஆஃப்டர் எஃபெக்ட்ஸின் பழைய பதிப்புகளிலும், பிரிஃபரன்சஸ் பகுதியில் தெற்காசிய, மத்திய கிழக்கு மொழிகளுக்கான டெக்ஸ்ட் எஞ்சினை, அதாவது எழுத்துகளைக் கோத்துக் காட்டும் பகுதியை, தேர்ந்தெடுக்க வேண்டும். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் அதே வேலையைச் செய்வது வேர்ல்ட்-ரெடி கம்போசர். மாற்றியதும் ‘பொங்கல்’, ‘செய்தி’ என்று தட்டிப் பாருங்கள். இரண்டும் சரியாக வந்தால் மற்றதும் வரும். யூனிகோடுக்கு முந்தைய பாமினி போன்ற எழுத்துருவில், இன்று எல்லாரும் தட்டும் யூனிகோட் வாசகத்தை ஒட்டுவது வேறு வகைத் தவறு, அது எந்த எஞ்சினிலும் தேறாது.

அச்சுக்குப் போகும் கோப்பில் எழுத்துகளை அவுட்லைனாக (எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவமாக) மாற்றிவிட்டு, அந்தப் பிடிஎஃப்பையே தமிழ் படிக்கத் தெரிந்த இன்னொருவரிடம் கொடுங்கள். வேர்டு கோப்பைப் படிக்கக் கொடுத்துப் பயனில்லை, கோளாறு அதற்குப் பிறகுதான் நுழைகிறது. 2017 தேசிய தின அணிவகுப்பின் கையேட்டிலேயே தமிழ் வாசகம் சிதைந்து வந்து, ஏற்பாட்டுக் குழு மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. அவ்வளவு பேர் பார்க்கும் வேலையிலேயே அப்படி என்றால் உங்கள் அலுவலகத் தீபாவளி பேனரை யார் சரிபார்ப்பார்? இன்னொன்று: ஆங்கிலத்துக்குப் போட்ட கட்டத்துக்குள் தமிழ் அடங்காது. சப்டைட்டிலுக்கு ஆரம்பத்திலேயே இரண்டு வரி இடம் விடுங்கள்.

படப்பிடிப்பில் அடிக்கடி வரும் தலைவலி, சக ஊழியர் கைப்பேசியில் எடுத்துத் தரும் காட்சி. இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நொடிக்கு 30 ஃபிரேமில், 1/60 ஷட்டரில் எடுத்தால் சில அலுவலக விளக்குகளின் கீழ் படம் துடிக்கும். 25 ஃபிரேம், 1/50 ஷட்டர் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கைப்பேசிகளில் ஃபிரேம் வேகம் ஏறி இறங்குவதும் உண்டு. நீளமான பேட்டியில் உதடும் குரலும் மெல்ல விலகிப்போவது இதனால்தான். டைம்லைனில் போடும் முன்பே ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் நிலையான வேகத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

பாட்டு, எழுத்துரு, முகம் மூன்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சொந்தக் கணக்கில் கிடைக்கும் டிரெண்டிங் பாட்டு கம்பெனிக் கணக்குக்குப் பொருந்தாது. ‘தனிப்பட்ட பயன்பாட்டுக்கு இலவசம்’ என்று போட்ட எழுத்துருவும் அப்படித்தான். அடையாளம் தெரிகிற முகம் இங்கே தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும், குழந்தைகள் படம் என்றால் பெற்றோர் ஒப்புதல் இல்லாமல் தொடாதீர்கள்.

வேலை மாறும்போது போர்ட்ஃபோலியோவுக்காக எல்லாக் கோப்பையும் ஹார்ட் டிஸ்கில் அள்ளிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. 2021 நவம்பர் 21 முதல் நடப்பில் உள்ள பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வேலையின் பகுதியாகச் செய்தது முதலாளிக்கே சொந்தம். எதைக் காட்டலாம் என்று எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

ஊரிலிருந்து எம்ப்ளாய்மென்ட் பாஸ், எஸ் பாஸ் போன்ற வேலை அனுமதியில் வந்தவர்கள் செய்யும் பெரிய தவறு, வார இறுதியில் தெரிந்தவர் கல்யாண வீடியோவைக் காசுக்கு எடிட் செய்து கொடுப்பது. பாஸில் பெயருள்ள முதலாளிக்கு மட்டும்தான் வேலை செய்யலாம். ரொக்கமாக வாங்கினாலும் அது சட்டமீறல்தான். போகிற வேலையோடு பாஸும் போகலாம். நானூறு, ஐந்நூறு வெள்ளிக்கு இது தேவையா?

ஓவர்டைம் கதையும் கேட்டுக்கொள்ளுங்கள். வேலை நியமனச் சட்டத்தில் வேலை நேரம், ஓவர்டைம் பற்றிய பகுதி, உடலுழைப்பு அல்லாத வேலையில் மாத அடிப்படைச் சம்பளம் 2,600 வெள்ளிக்கு மேல் வாங்குவோருக்குப் பொருந்தாது. எடிட்டர்களில் பலர் அந்த வரம்புக்கு மேலேதான் இருப்பார்கள். எனவே ஒப்பந்தத்தில் இருப்பதுதான் உங்களுக்குக் கிடைக்கும். வேலையில் சேர்ந்த 14 நாளுக்குள் முக்கிய வேலை நிபந்தனைகளை முதலாளி எழுத்தில் தர வேண்டும். அதுவரை காத்திராமல், கையெழுத்துப் போடும் முன்பே பொறுப்புகள் பகுதியைப் படியுங்கள். சனிக்கிழமை நிகழ்ச்சிகளுக்குக் கேமராவோடு போவதும் அதில் இருக்கிறதா, போனால் மாற்று விடுப்பு உண்டா என்று கேளுங்கள்.