நேபாள ஹோம்ஸ்டேயில் தன்னார்வலராகப் போகும் மாணவர்களுக்கு

கல்லூரி விடுமுறையில் வெளிநாடு போய்த் தன்னார்வலராக வேலை செய்ய வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது நேபாளம்தான், அதிலும் பொக்காரா நகருக்கு மேலே உள்ள அன்னபூர்ணா மலைப்பகுதி. பனிமலைக்காகச் சொல்லவில்லை. 1986-இல் காந்த்ருக் கிராமத்தில் தொடங்கிய அன்னபூர்ணா பாதுகாப்புத் திட்டம் ஊர்மக்களை வெளியேற்றாமல், மலையேற வருகிறவர்களிடம் நுழைவுக் கட்டணம் வாங்கி, அந்தப் பணத்தைப் பாதை, குடிநீர், காடு என்று அதே மண்ணில் செலவழிக்கிறது. சுற்றுலாவை நம்பிப் பிழைக்கும் ஊர் கெட்டுப்போகாமல் இருக்க என்னென்ன செய்ய வேண்டியிருக்கிறது என்பதை அங்கே நேரில் பார்க்கலாம்.

சரி, எப்படிப் போவது? எந்த அமைப்புக்கும் பணம் கட்டும் முன் மின்னஞ்சலில் கேளுங்கள்: தினமும் எனக்கு என்ன வேலை, அதை யார் மேற்பார்வை செய்வார், நான் கட்டும் தொகையில் ஹோம்ஸ்டேயாக, அதாவது தங்கள் வீட்டிலேயே விருந்தினராகத் தங்கவைக்கும் குடும்பத்துக்கு எவ்வளவு போகிறது? சுற்றிவளைத்துப் பதில் வந்தால் அந்த இடம் வேண்டாம். ‘ஆதரவற்றோர் இல்லத்தில் 2 வாரம் குழந்தைகளோடு’ என்று அழைத்தால் அறவே வேண்டாம். பெற்றோர் உயிரோடிருக்கும் குழந்தைகளையே வருகிறவர்களின் காசுக்காக இல்லங்களில் வைத்திருந்த கொடுமை நேபாளத்தில் நடந்திருக்கிறது.

இந்தியர்களுக்கு நேபாளம் போக விசா தேவையில்லை. இலங்கை, மலேசியா, சிங்கப்பூரிலிருந்து போகிறவர்கள் கவனிக்க: சுற்றுலா விசாவில் சம்பளமில்லாத தன்னார்வப் பணிக்கும் அனுமதி கிடையாது. எந்த விசா, யார் வாங்கித் தருவார்கள் என்பதை அழைக்கும் அமைப்பிடமே எழுத்தில் வாங்கிவிடுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை, நிலச்சரிவு, அட்டைப்பூச்சி என்று பாடாய்ப்படுத்தும். செமஸ்டர் தேர்வு முடிந்ததும் மே மாதமோ, நவம்பர் கடைசியோ சரியாக இருக்கும். விமானச் செலவு கட்டுப்படியாகாதவர்கள் ரயிலில் உத்தரப்பிரதேசத்தின் கோரக்பூர் போய், சோனவுலி எல்லையைக் கடந்து, பேருந்தில் பொக்காரா சேரலாம்.

அங்கே போய் என்ன செய்வது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சுவருக்கு வண்ணமடிக்க ஊரிலேயே ஆள் உண்டு. நீங்கள் குப்பைக் கணக்கு எடுங்கள். ஹோம்ஸ்டே வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டு, ஒரு வாரம் தினமும் சேரும் குப்பையைப் பிளாஸ்டிக் பாட்டில், நூடுல்ஸ் உறை, கண்ணாடி, சமையல் கழிவு என்று பிரித்துத் தராசில் நிறுத்து எழுதுங்கள், அன்றைக்கு எத்தனை விருந்தினர் தங்கினார்கள் என்பதையும் பக்கத்திலேயே குறியுங்கள். மொத்த எடையை மொத்த விருந்தினர் இரவுகளால் (தினமும் தங்கியவர்களின் எண்ணிக்கையைக் கூட்டினால் வருவது) வகுத்தால் ஒருவர் ஓர் இரவு தங்கினால் எவ்வளவு குப்பை சேருகிறது என்று தெரிந்துவிடும். பாட்டில்தான் அதிகம் என்று வந்தால், காய்ச்சி வடிகட்டிய தண்ணீரைக் குறைந்த விலைக்கு நிரப்பித் தரலாமா என்று அவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள், முடிவை அவர்கள் எடுக்கட்டும். மாற்றம் செய்தபின் இன்னொரு வாரம் எடை போட்டுப் பாருங்கள். அளப்பது, பதிவு செய்வது, அடுத்தவர் வீட்டு விஷயத்தை மரியாதையாகப் பேசுவது மூன்றும் இதிலேயே பழகிவிடும்.

வணிகவியல், பொருளியல் படிக்கிறவர்கள் இன்னொன்றும் செய்யலாம். விருந்தினர் தரும் பணம் எங்கே போகிறது என்று பாருங்கள். முட்டை பக்கத்து வீட்டில் வாங்கியதா, அரிசியும் எண்ணெயும் பொக்காராவிலிருந்து லாரியில் வந்ததா, முன்பதிவுத் தளத்துக்குக் கமிஷன் எவ்வளவு? வீட்டின் அக்காவோடு அடுப்படியில் உட்கார்ந்து பேசினால்தான் இது கிடைக்கும், கேள்வித்தாளை நீட்டினால் கிடைக்காது. அதனால் எண்கள், நலம் விசாரிப்பு, நன்றி சொல்வது இதற்கெல்லாம் வேண்டிய நேபாளியைக் கிளம்பும் முன்பே கற்றுக்கொள்ளுங்கள். யாரையும் படமெடுக்கும் முன் கேளுங்கள்.

இப்போதைக்கு நேரம், பணம் எதுவும் தோதுப்படவில்லையா? சென்னையில் 1988 முதல் மாணவர்களே நடத்தும் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு, ஆமைகள் முட்டையிட வரும் மாதங்களில் இரவில் கடற்கரையில் நடந்து முட்டைகளைப் பாதுகாக்கிறது. அங்கே சில இரவுகள் நடந்துவிட்டுப் பிறகு நேபாள அமைப்புக்கு விண்ணப்பித்தால் உங்கள் கடிதத்துக்கே தனி பலம் வரும்.

திரும்பும் முன் உங்கள் கணக்குத் தாளின் பிரதியை நேபாளியில் எழுதவைத்து வீட்டுக்காரரிடமும் ஊர்க் குழுவிடமும் கொடுங்கள். அடுத்த மாணவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது. சான்றிதழில் ‘பங்கேற்றார்’ என்று மட்டும் போடாமல், செய்த வேலையைக் குறிப்பிட்டு எழுதித் தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.