கைக்கெட்டும் விலையில் டெலிஃபோட்டோ ஸூம் லென்ஸ்: எதைப் பார்த்து வாங்குவது?

கேமராவோடு வந்த 18-55 மி.மீ. லென்ஸில் மரக்கிளைப் பறவை ஒரு புள்ளியாகவும், மைதானத்தின் மறுகோடியில் பந்தாடும் பிள்ளை எறும்பளவாகவும் பதியும்போது, டெலிஃபோட்டோ ஸூம் வாங்கும் எண்ணம் தானாகவே வந்துவிடுகிறது. விலை குறைந்த டெலி ஸூம்கள் ஏராளமாக இருப்பதாலும், பெயர்களும் எண்களும் ஒன்றுபோலவே தோன்றுவதாலும், பலர் அதிகபட்ச எண் எதில் இருக்கிறதோ அதையே தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். என் கருத்தில், இந்த வகை லென்ஸை எடைபோட வேண்டிய இடம் ஒன்றே: அதன் நீண்ட முனையில் (அதிகபட்ச மி.மீ. எண்ணில்), ஒளி நுழையும் துளை முழுவதும் திறந்திருக்கும் நிலையில் அது எப்படிப் படமெடுக்கிறது என்பதுதான். 70-300 லென்ஸை வாங்குகிறவர் பெரும்பாலான படங்களை 300இல்தான் எடுக்கப் போகிறார். 70இல் அது காட்டும் தெளிவு அவருக்கு அதிகம் உதவாது.

எவ்வளவு நீளம் தேவை என்பதை ஊகத்துக்கு விடாமல் கணக்குப் போட்டே அறியலாம். சென்சாரின் (கேமராவுக்குள் படம் பதியும் சில்லின்) அகலத்தைக் குவியத் தூரத்தால் (லென்ஸின் மி.மீ. எண்ணால்) வகுத்து, பொருள் இருக்கும் தொலைவால் பெருக்கினால், அந்தத் தொலைவில் படத்துக்குள் அடங்கும் அகலம் கிடைக்கும். தொடக்கநிலைக் கேமராக்கள் பலவற்றில் உள்ள ஏபிஎஸ்-சி சென்சாரின் அகலம் ஏறத்தாழ 23.5 மி.மீ. (கேனனில் சற்றே குறைவு). 300 மி.மீ. லென்ஸில் பத்து மீட்டர் தொலைவில் 78 செ.மீ. அகலம் அடங்கும். சிட்டுக்குருவியின் நீளம் சுமார் 15 செ.மீ. என்பதால், அது படத்தின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கை மட்டுமே நிரப்பும். அதே தொலைவில் 250 மி.மீ. லென்ஸில் 94 செ.மீ. அடங்கும், 200இல் ஏறத்தாழ 118 செ.மீ. ஆகிவிடும், குருவி எட்டில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். ஆக, 200க்கும் 300க்கும் இடையே உள்ள வேறுபாடு பெரிது. 250க்கும் 300க்கும் இடையே உள்ளது படத்தைச் சற்றே வெட்டிச் சரிக்கட்டிவிடக்கூடிய அளவுதான். பத்து மீட்டரை ஐந்தாகக் குறைத்துக்கொண்டு அருகே போக முடிந்தால் குருவி இரண்டு மடங்காகிவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் எந்த மலிவு லென்ஸாலும் தர முடியாத லாபம் அது.

இதே கணக்கை மேடை நிகழ்ச்சிக்குப் போட்டால் விடை வேறாக வரும். இருபது மீட்டர் தொலைவிலிருந்து 200 மி.மீ. லென்ஸில் இரண்டேகால் மீட்டருக்குச் சற்று மேற்பட்ட அகலம் அடங்குவதால், நாட்டியமாடுபவர் கை விரித்து நின்றாலும் படம் நிறைந்துவிடும். அங்கே 300 தேவையே இல்லை. நிலவை நினைத்து வாங்குகிறவர்களும் உண்டு. 300 மி.மீ. லென்ஸ் சென்சாரின் மீது விழச்செய்யும் நிலவின் விட்டம் மூன்று மி.மீட்டருக்கும் குறைவு. படத்தின் உயரத்தில் ஆறில் ஒரு பங்கு. அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

ஃபுல் ஃபிரேம் கேமராவில் சென்சார் அகலம் 36 மி.மீ. என்பதால் அதே லென்ஸ் கூடுதல் அகலத்தைக் காட்டும். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்ற சிறிய சென்சாரில் 17.3 மி.மீ. என்பதால் குறைவாகக் காட்டும். ஒலிம்பஸின் 40-150 எஃப்/4-5.6 ஆர் லென்ஸ் 190 கிராம்தான் எடை என்றாலும், ஃபுல் ஃபிரேமில் 80-300 தரும் பார்வைக் கோணத்தை அது தருவது இதனால்தான்.

துளையின் கதை

விலை குறைந்த டெலி ஸூம்கள் பெரும்பாலும் நீண்ட முனையில் எஃப்/5.6 அல்லது எஃப்/6.3 என்று நின்றுவிடுவதற்குக் காரணம் இயற்பியல். எஃப் எண் என்பது குவியத் தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்தது; எண் குறையக் குறையத் துளை பெரிது. 300 மி.மீட்டரில் எஃப்/5.6 வேண்டுமென்றால் ஒளி நுழையும் துளை 54 மி.மீ. விட்டத்தில் இருக்க வேண்டும், எஃப்/2.8 வேண்டுமென்றால் 107 மி.மீ. ஆகிவிடும். கண்ணாடியின் அகலத்தோடு எடையும் விலையும் சேர்ந்தே ஏறும். ஸூம் முழுவதும் எஃப்/2.8 தரும் 70-200 லென்ஸ்கள் பல ஒன்றரைக் கிலோ அளவில் இருக்க, கேனன் இஎஃப்-எஸ் 55-250 ஐஎஸ் எஸ்டிஎம் 375 கிராமில் முடிந்துவிடுகிறது.

எஃப்/5.6க்கும் எஃப்/6.3க்கும் உள்ள வேறுபாடு மூன்றில் ஒரு படி (ஒரு படி என்றால் இரண்டு மடங்கு ஒளி). அதற்காக மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை. ஆனால் எஃப்/2.8க்கும் எஃப்/5.6க்கும் இடையே இரண்டு படிகள், அதாவது நான்கு மடங்கு ஒளி. ஒரு கலையரங்கில் எஃப்/2.8, 1/250 நொடி, ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு) 1600 என்று எடுக்க முடிகிற படத்தை, மலிவு ஸூமில் அதே ஷட்டர் வேகத்தில் எடுக்க ஐஎஸ்ஓ 6400 வைக்க வேண்டியிருக்கும். உள்ளரங்க விளையாட்டும் இரவு மேடையும்தான் உங்கள் முதன்மைத் தேவை என்றால், குறைந்த விலை டெலி ஸூம் எதுவும் உங்களைத் திருப்திப்படுத்தாது. ஸூம் இல்லாத 85 மி.மீ. எஃப்/1.8 லென்ஸை வாங்கிக்கொண்டு மேடைக்கு அருகே இடம் பிடிப்பதே நல்லது. பகல் வெளிச்சத்தில் பறவை, விலங்கு, விளையாட்டு, தொலைதூர நிலக்காட்சி ஆகியவற்றை எடுப்பவருக்கு எஃப்/5.6 தாராளமாகப் போதும்.

அதிர்வுக் கட்டுப்பாடு

நல்ல லென்ஸும் ஏமாற்றும் லென்ஸும் பிரிவது பெரும்பாலும் இங்கேதான். கையில் பிடித்து எடுக்கும்போது, குவியத் தூரத்தைச் சென்சாரின் மடங்கெண்ணால் (ஃபுல் ஃபிரேம் அதைவிட எத்தனை மடங்கு பெரிது என்ற எண்) பெருக்கி, அதற்குக் குறையாத ஷட்டர் வேகத்தை வைப்பது பழைய வழக்கம். ஏபிஎஸ்-சி கேமராவில் 300ஐ 1.5ஆல் பெருக்கினால் 450. ஆகவே 1/500 நொடி. மேகமூட்டமான மாலையில் எஃப்/5.6இல் இந்த வேகம் எளிதில் கிடைக்காது. மூன்று படி அளவுக்கு அதிர்வைக் கட்டுப்படுத்தும் லென்ஸ் 1/60 நொடி வரை இறங்க இடம் தருகிறது. பறக்கும் பறவைக்கு எப்படியும் 1/1000 நொடிக்குக் குறையாமல் தேவைப்படும் என்பதால், அங்கே இந்த வசதி பொருளின் அசைவை நிறுத்தாது; ஆனாலும் டிஎஸ்எல்ஆர் வியூஃபைண்டரில் காட்சி நடுங்காமல் நிற்பதே பறவையைச் சட்டத்துக்குள் பிடித்து வைக்கப் பெரிய உதவி. கேமரா உடலுக்குள்ளேயே அதிர்வுக் கட்டுப்பாடு இருந்தாலும், குவியத் தூரம் கூடக்கூட அதன் பலன் குறையும். 300இல் லென்ஸுக்குள் இருப்பதே மேல்.

கேனன் இஎஃப் 75-300 எஃப்/4-5.6 லென்ஸின் மூன்றாம் பதிப்பு இன்றும் மலிவாகக் கிடைக்கிறது. அதில் இந்த வசதி இல்லை, 300இல் படம் மென்மையாகவும், வெளிச்சமான வானத்தை ஒட்டிய கிளைகளில் ஊதா விளிம்போடும் வரும். 2025இல் ஆர்எஃப் மவுண்டுக்கு (கேனன் மிரர்லெஸ் கேமராக்களில் லென்ஸ் மாட்டும் இணைப்புக்கு) வந்த 75-300லும் அதிர்வுக் கட்டுப்பாடு கிடையாது. ஐம்பது மி.மீ. குறைந்தாலும் 55-250 எஸ்டிஎம்மை எடுத்துக்கொள்ளுங்கள் என்றே நான் சொல்வேன். அதில் எடுத்த படத்தை வெட்டிப் பெரிதாக்கினாலும் 75-300இன் படத்தைவிடத் தெளிவாக நிற்கும். நிகானில் 2016இல் வந்த ஏஎஃப்-பி டிஎக்ஸ் 70-300 எஃப்/4.5-6.3 நல்ல தேர்வு. ஆனால் அது இரண்டு வகைகளில் விற்கப்பட்டது. பெயரின் கடைசியில், அதிர்வுக் கட்டுப்பாட்டைக் குறிக்கும் விஆர் என்ற இரண்டெழுத்து இருக்கிறதா என்பது ஒன்றே அடையாளம், லென்ஸின் மீது அதற்கான பொத்தான் எதுவும் கிடையாது. டாம்ரான் சோனி மிரர்லெஸ் கேமராக்களுக்குச் செய்யும் 70-300 எஃப்/4.5-6.3 தெளிவில் குறைவைக்காத லென்ஸ்; அதில் அதிர்வுக் கட்டுப்பாடு இல்லாததால், உடலுக்குள் அந்த வசதி உள்ள கேமராவோடு வைத்துக்கொள்வதே பொருத்தம்.

பொருந்துமா, ஃபோகஸ் ஆகுமா

மவுண்ட் ஒன்றாக இருப்பதாலேயே லென்ஸ் வேலை செய்துவிடும் என்று கொள்ளக் கூடாது. நிகான் டி3000, டி5000 வரிசைக் கேமராக்களின் உடலில் ஃபோகஸ் மோட்டார் இல்லை. பழைய ஏஎஃப் 70-300 ஜி லென்ஸை அவற்றில் மாட்டினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். மறுபுறம், மேலே சொன்ன ஏஎஃப்-பி லென்ஸ் டி90, டி3100 போன்ற பழைய கேமராக்களில் ஃபோகஸே ஆகாது. ஏபிஎஸ்-சி கேமராக்களுக்கென்றே செய்யப்பட்ட கேனனின் இஎஃப்-எஸ் லென்ஸ்கள் ஃபுல் ஃபிரேம் டிஎஸ்எல்ஆரில் மாட்டாது. ஆனால் இஎஃப், இஎஃப்-எஸ் இரண்டும் அடாப்டர் வழியாக ஆர் வரிசை மிரர்லெஸ் கேமராக்களில் ஆட்டோஃபோகஸோடு இயங்கும். உங்கள் கேமரா மாடலின் பெயரைத் தயாரிப்பாளரின் பொருத்தப் பட்டியலில் தேடிப் பார்ப்பதற்கு முன் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

18-300 போன்ற ஒரே லென்ஸில் எல்லாம் என்பவை பயணத்துக்கு வசதி, நீண்ட முனைத் தெளிவுக்கு அல்ல. டெலிகன்வெர்ட்டரை (லென்ஸுக்கும் கேமராவுக்கும் இடையே மாட்டி நீளத்தைக் கூட்டும் துணை லென்ஸை) மலிவு ஸூமோடு சேர்க்கும் யோசனையையும் கைவிடலாம்: 1.4 மடங்கு கன்வெர்ட்டர் ஒரு படி ஒளியை விழுங்குவதால் எஃப்/5.6 எஃப்/8 ஆகிவிடும்; பல டிஎஸ்எல்ஆர்களின் ஆட்டோஃபோகஸ் அங்கே தடுமாறும்.

பழைய லென்ஸைச் சோதித்தல்

டெலி ஸூம்கள் பெரும்பாலும் இரட்டை லென்ஸ் தொகுப்பில் வந்து, சில மாதங்களில் அலமாரிக்குள் போய்விடுபவை. அதனால் அதிகம் புழங்காத பழைய லென்ஸ் கிடைப்பது எளிது. இந்தப் பிரிவில் புதிதாக வாங்குவதைவிட இதையே நான் பரிந்துரைப்பேன், சோதித்து வாங்கும் பொறுமை இருந்தால்.

முதலில் இரு மூடிகளையும் கழற்றி, ஒரு முனையிலிருந்து கைபேசி டார்ச்சை அடித்து, மறுமுனையிலிருந்து சற்றுச் சாய்வாகப் பாருங்கள். சில தூசிகள் எல்லா லென்ஸிலும் உண்டு, அவற்றால் கேடில்லை. மெல்லிய நூல்கள் கிளைவிட்டுப் பரவியதுபோல் தெரிந்தால் அது பூஞ்சை. கண்ணாடி முழுவதும் பால் தெளித்ததுபோல் மங்கியிருந்தால் உட்படலம். இரண்டுமே லென்ஸைத் திருப்பிக் கொடுக்கப் போதுமான காரணம். பின்புறக் கண்ணாடியின் கீறல் முன்புறக் கீறலைவிடப் படத்தை அதிகம் கெடுக்கும். ஸூம் வளையம் ஒரே சீராகச் சுழல வேண்டும். இடையில் மணல் நெரிபடுவதுபோல் உணர்ந்தால் வேண்டாம்.

பிறகு உங்கள் கேமராவில் மாட்டி, நீண்ட முனைக்குத் தள்ளி, துளையை முழுவதும் திறந்து, 1/1000 நொடி வேகத்தில், நேரெதிரே உள்ள செங்கல் சுவரையோ எழுத்துகள் நிறைந்த பலகையையோ எடுங்கள். ஒவ்வொரு முறையும் புதிதாக ஃபோகஸ் செய்து நான்கைந்து படங்கள் எடுத்து, கேமராத் திரையில் முழு அளவுக்குப் பெரிதாக்கி, நடுவையும் நான்கு மூலைகளையும் ஒப்பிடுங்கள். மூலைகள் நடுவைவிடச் சற்று மென்மையாக இருப்பது இயல்பு. இடப்பக்கம் கூர்மையாகவும் வலப்பக்கம் குழம்பியும் இருந்தால், சுவருக்கு நேராக நின்றீர்களா என்று பார்த்து மீண்டும் எடுங்கள். மீண்டும் அப்படியே வந்தால், உள்ளிருக்கும் கண்ணாடி மையம் விலகியிருக்கிறது, விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுங்கள். எஃப்/8இலும் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். அதில் மட்டும்தான் எழுத்து தெளிகிறது என்றால், அந்த லென்ஸ் உங்களுக்கு நல்ல வெயிலில் மட்டுமே பயன்படும்.

வாங்கிய கையோடு அதற்குரிய ஹூடையும் வாங்கிவிடுங்கள். பக்கவாட்டு ஒளி படத்தை வெளிறச் செய்வதை அது தடுக்கும். மலிவான யூவி ஃபில்டரை மாட்டினால் நீண்ட முனையில் தெளிவு மேலும் குறையவே வாய்ப்பு.

வீட்டுக்கு வந்து எடுத்த முதல் படங்கள் மங்கலாக இருந்தால் லென்ஸைக் குறைசொல்வதற்கு முன் நேரத்தைப் பாருங்கள். நண்பகலில் சூடேறிய தரைக்கு மேல் காற்று அலைபாய்வதால், நூறு மீட்டருக்கு அப்பாலுள்ள எதுவும் எந்த லென்ஸிலும் குழைந்தே பதியும், ஷட்டர் வேகத்தைக் கூட்டியும் பயனிருக்காது. அதே காட்சியை விடியற்காலையில், தரை குளிர்ந்திருக்கும்போது எடுத்து ஒப்பிட்ட பிறகே திருப்பிக் கொடுப்பதைப் பற்றி முடிவு செய்யலாம்.