டிஜிட்டல் ஆம்பில் மெட்டல் டோன்: முதலில் கெயினைக் குறையுங்கள்

ஆம்ப் மாடலர் (பல கிட்டார் ஆம்புகளின் ஒலியை டிஜிட்டலாகப் போலச் செய்யும் கருவி) கைக்கு வந்ததும் பலரும் 5150 வகை ஹை-கெயின் ஆம்பைத் தேர்ந்தெடுத்து, ஒலியை உடைக்கும் அளவான கெயினை ஒன்பதுக்கு ஏற்றிவிடுகிறார்கள். தனியாக வாசிக்கும்போது மிரட்டும். டிரம்ஸும் பேஸும் சேர்ந்ததும் கிட்டார் காணாமல் போகும். மெட்டல் டோனைத் தீர்மானிப்பவை ஆம்புக்கு முன்னால் வைக்கும் பெடலும் பின்னால் வரும் கேபினெட்டும்தான்.

கம்பியிலிருந்து ஆரம்பியுங்கள். அடிக் கம்பியை சி வரை இறக்கும் டிராப் சி டியூனிங்குக்கு 10-46 செட் (மெல்லிய, தடித்த கம்பிகளின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) தொளதொளவென்று இருக்கும். ஓங்கி அடித்ததும் சுருதி ஏறி, பிறகு இறங்கும். 11-54 போடுங்கள். ஆடியோ இன்டர்ஃபேஸில் கிட்டாருக்கான ஹை-இசட் இன்புட்டில் செருகி, கெயின் குமிழை அடியிலிருந்து தொடங்குங்கள். எவ்வளவு ஓங்கி அடித்தாலும் சிவப்பு விளக்கு எரியக் கூடாது. இங்கே உடைந்த ஒலியைப் பிறகு எந்த பிளகினாலும் சரிசெய்ய முடியாது.

அடுத்தது நாய்ஸ் கேட்: த்ரெஷோல்ட் என்ற அளவுக்குக் கீழே இருக்கும் ஒலியை அடைத்துவிடும். கம்பிகளைக் கையால் அமுக்கிப் பிடித்து, இரைச்சல் நிற்கும் வரை மட்டும் த்ரெஷோல்டை ஏற்றுங்கள். நீளும் நோட்டின் வால் வெட்டுப்பட்டால் கொஞ்சம் இறக்குங்கள்.

அதன்பின் டியூப் ஸ்கிரீமர் என்ற ஓவர்டிரைவ் பெடல்: டிரைவ் 0, லெவல் முழுசு, டோன் நடுவில். இதை டிஸ்டார்ஷனுக்காக வைப்பதில்லை. இந்தப் பெடல் சுமார் 720 ஹெர்ட்ஸ் பகுதியை முன்னே தள்ளி, அடியொலியைக் குறைக்கிறது. அடியொலி அப்படியே ஹை-கெயின் ஆம்புக்குள் போனால் பாம் மியூட் (உள்ளங்கை ஓரத்தால் கம்பியை அமுக்கி வாசிப்பது) கொழகொழவென்று ஆகிவிடும். அடிக் கம்பியில் பாம் மியூட் அடித்துக்கொண்டே பெடலை அணைத்துப் பாருங்கள். "ஜக்" என்று நறுக்காக வந்தது "ஜூம்" என்று பரவும்.

இப்போது ஆம்ப்: கெயின் 4 முதல் 5, பேஸ் 4, மிட் 5, ட்ரெபிள் 5. மிட்டைச் சுழியத்துக்கு இறக்காதீர்கள். கிட்டார் பேண்டுக்குள் கேட்பதே அந்த இடத்தில்தான்.

நேரத்தை அதிகம் செலவிட வேண்டியது கேபினெட் ஐஆரில் (இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ்: ஸ்பீக்கர் பெட்டியும் மைக்கும் ஒலியை மாற்றும் விதத்தின் டிஜிட்டல் பதிவு). செலஸ்டியன் விண்டேஜ் 30 ஸ்பீக்கர்கள் நான்கு கொண்ட கேபினெட், முன்னால் ஷூர் எஸ்எம்57 மைக்: மெட்டல் ரெக்கார்டிங்கில் பழகிப்போன ஜோடி இது. மைக் கோனின் நடுவில் இருந்தால் ஒலி கூர்மை, ஓரத்துக்குப் போகப் போக மங்கல். ஓர் அங்குல நகர்வு ட்ரெபிள் குமிழைவிட அதிகம் மாற்றும். ஆம்ப் குமிழ்களோடு மல்லாடுவதற்கு முன் ஐஆரை மாற்றிப் பாருங்கள்.

கேபினெட்டுக்குப் பின் ஈக்யூவில் (ஈக்வலைசர்) 80 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேலும் வெட்டுங்கள். வண்டு ரீங்காரம் போன்ற இரைச்சல் அடங்கும். இன்னும் காதைக் குத்தினால் ஈக்யூவில் குறுகிய அதிர்வெண் பட்டையை 10 டெசிபல் ஏற்றி, 3 முதல் 5 கிலோஹெர்ட்ஸ் வரை நகர்த்துங்கள். மிக மோசமாகக் கேட்கும் இடத்தில் ஏற்றியதை எடுத்துவிட்டு, 3 டெசிபல் குறைத்தால் போதும். இதையெல்லாம் ஒத்திகைச் சத்தத்திலேயே செய்யுங்கள். சத்தம் குறைவாக இருக்கையில் அடியொலியும் உச்ச ஒலியும் காதுக்குக் குறைவாகவே எட்டும். அப்போது ஏற்றி வைப்பது மேடையில் கொல்லும்.

மாடலரை நிஜ கிட்டார் ஆம்பில் இணைப்பதானால் எஃபெக்ட்ஸ் ரிட்டனில் (ஆம்பின் முன்பகுதியைத் தாண்டி பவர் பகுதிக்குப் போகும் சாக்கெட்) செருகி, ஐஆரை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் இரண்டு கேபினெட் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, போர்வைக்குள்ளிருந்து வருவது போல் கேட்கும்.

ரெக்கார்டிங்கில் ரிதத்தை இரண்டு முறை தனித்தனியாக வாசித்து, ஒன்றை முழுக்க இடப்பக்கமும் மற்றதை முழுக்க வலப்பக்கமும் வையுங்கள். ஒரே டேக்கை நகலெடுத்து வைத்தால் அகலம் கிடைக்காது. சத்தம் மட்டும்தான் கூடும்.