கையை உயர்த்துவதற்கு முன்: மலையகத்துப் பிள்ளைகளுக்குப் பிரஜாவுரிமைச் சத்தியப்பிரமாணம் பற்றி

ஒரு மாத லீவில், இலங்கை மலையகத்தில் நோர்வூட் பக்கத்தில் இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து பத்து நாளாகிறது. வந்ததிலிருந்து ஒரே கேள்வி. "எங்க மகனுக்குக் கனடாவில சத்தியப்பிரமாணத்துக்குக் கடிதம் வந்திருக்காம். அங்க என்னம்மா செய்வாங்க? சோதனையா? பாட்டுப் பாடணுமாமே?" மூன்று வீட்டில் கேட்டுவிட்டார்கள். அங்கே இருக்கும் பிள்ளைகளும் வாட்ஸ்அப்பில் கேட்கிறார்கள். ஆளாளுக்குச் சொல்வதைவிட ஒரேயடியாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நான் சத்தியப்பிரமாணம் எடுத்தது கனடாவில். அதனால் இதில் பெரும்பகுதி கனடாவைப் பற்றியதுதான்.

முதலில் பயம் தெளியட்டும். இது சோதனை இல்லை. சோதனை அதற்கு முன்பே முடிந்துவிடும். ஐந்து வருடத்துக்குள் 1,095 நாள் அங்கே வாழ்ந்ததைக் காட்டி, 20 கேள்வியில் 15ஐச் சரியாகச் செய்து, விண்ணப்பமும் தேறிய பிறகுதான் இந்த அழைப்பு வரும். ஆனால் ஒன்று, சத்தியம் எடுத்து முடிக்கும் நிமிடம் வரை நீங்கள் பிரஜை இல்லை. விண்ணப்பித்த பிறகு ஏதாவது வழக்கிலோ கைதிலோ மாட்டியிருந்தால் அதை மறைத்துக்கொண்டு போய் நிற்காதீர்கள். முன்கூட்டியே தெரியப்படுத்துங்கள்.

அழைப்பு மின்னஞ்சலில்தான் வரும். தேவையில்லாத மெயில் போய் விழும் பெட்டியையும் தினம் ஒரு தடவை பாருங்கள். நேரில் வரச் சொல்லலாம், சூமிலும் நடத்தலாம். 2020இல் கொரோனா வந்தபோது தொடங்கிய சூம் முறை இன்னும் இருக்கிறது. எதைக் கொண்டுவர வேண்டும் என்று அந்த அழைப்பிலேயே எழுதியிருக்கும். அழைப்புக் கடிதம், நிரந்தர வதிவிட அட்டை, படம் உள்ள அடையாள அட்டை ஆகியவை கட்டாயம் இருக்கும். மிச்சத்தை அதில் உள்ளபடியே எடுத்துவையுங்கள். "போன வருசம் அண்ணன் போனப்ப இது கேட்கல" என்பதெல்லாம் அங்கே எடுபடாது. குடும்பத்தில் 14 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் சத்தியம் எடுத்தே ஆக வேண்டும். அதற்குக் கீழுள்ள பிள்ளைகள் எடுக்கத் தேவையில்லை, கூட்டிப்போகலாம்.

உடுப்புக்கு விதி எதுவும் இல்லை. நான் காஞ்சிபுரம் சேலை கட்டித்தான் போனேன். பெப்ரவரி மாதம், வெளியே பனி. சேலைக்குக் கீழே பனிச் சப்பாத்து, மேலே முழங்கால் வரை ஜக்கெட். உள்ளே போனதும் எல்லாரும் மூலைக்கு மூலை குனிந்து சப்பாத்து மாற்றிக்கொண்டிருந்தோம். நல்ல செருப்பை ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

உள்ளே நடப்பது இவ்வளவுதான். முதலில் ஒரு மேசையில் பத்திரங்களைச் சரிபார்ப்பார்கள். கையெழுத்துப் போட ஒரு படிவம் இருக்கும். நிரந்தர வதிவிட அட்டையை அங்கேயே வாங்கிக்கொள்வார்கள். சூம் என்றால் அதிகாரி பார்க்க நீங்களே கத்தரிக்கோலால் வெட்ட வேண்டும். வருடக்கணக்காகப் பர்ஸில் பத்திரமாக வைத்திருந்த அட்டை, கை கொஞ்சம் தயங்கத்தான் செய்யும். பிறகு பிரஜாவுரிமை நீதிபதியோ வேறொரு அதிகாரியோ பேசுவார். அந்த மண் யாருடைய பூர்வீக நிலம் என்பதையும் சொல்வார்கள். அதன் பின் எல்லாரும் எழுந்து வலது கையை உயர்த்தி, அவர் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்வோம். முதலில் ஆங்கிலம், பிறகு பிரெஞ்சு. ஒரு மொழியில் சொன்னால் போதும். ஆனால் பிரெஞ்சிலும் முயன்று பாருங்கள், யாரும் மதிப்பெண் போடப் போவதில்லை. என் பக்கத்தில் நின்ற பிலிப்பைன்ஸ்காரர் பிரெஞ்சு வரும்போது வாயை மட்டும் அசைத்தார். நானும் முக்கால்வாசி அப்படித்தான். கடைசியில் 'ஓ கனடா' பாடுவார்கள். வரிகள் தெரியாவிட்டால் பரவாயில்லை, எழுந்து நிற்பதுதான் முக்கியம்.

சத்தியம் இரண்டு வகை. கடவுள் மேல் ஆணையிட்டுச் சொல்வது ஒன்று, கடவுளை இழுக்காமல் உறுதி கூறுவது மற்றது. சட்டத்துக்கு இரண்டும் ஒன்றே. உங்கள் சமயப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொள்ள விரும்பினால் நீங்களே கொண்டுபோக வேண்டும். ஒரு தங்கச்சி தேவாரப் புத்தகத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனாளாம், வெளியே எடுக்க வெட்கப்பட்டு அப்படியே திரும்பக் கொண்டுவந்தாள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

என்ன சத்தியம் என்கிறீர்களா? மூன்றாம் சார்ள்ஸ் மன்னருக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் விசுவாசமாக இருப்பேன், பூர்வகுடிகளின் உரிமைகளை ஏற்கும் அரசியலமைப்பு உட்படக் கனடாவின் சட்டங்களை மதித்து நடப்பேன், பிரஜைக்குரிய கடமைகளைச் செய்வேன் என்பது சாரம். பூர்வகுடிகளைப் பற்றிய பகுதி 2021இல் சேர்ந்தது. மன்னர் பெயரைக் கேட்டதும் நம் பிள்ளைகள் சிலருக்குச் சிரிப்பு வரும், சிலருக்கு உறுத்தும். நியாயம்தான். வெள்ளைக்காரன் ஆட்சியில்தானே நம் முப்பாட்டன்மார் கோப்பிக்கும் தேயிலைக்கும் என்று இந்த மலைக்கு ஏறினார்கள்? அதே முடிக்கு இன்னொரு குளிர் நாட்டில் போய் விசுவாசம் சொல்வதா என்று நானும் யோசித்திருக்கிறேன். இதே உறுத்தலோடு சிலர் வழக்கே போட்டார்கள். 2014இல் ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம், இந்த விசுவாசம் மன்னர் என்ற தனி ஆளுக்கு அல்ல, நாட்டின் ஆட்சி முறைக்கு என்று சொல்லி, சத்திய வாசகத்தை அப்படியே விட்டுவிட்டது. அதைப் படித்த பிறகு எனக்குக் கொஞ்சம் இலேசானது.

சான்றிதழ் கைக்கு வந்ததும் படம் எடுக்க ஓடாதீர்கள். முதலில் பெயரைப் பாருங்கள், எழுத்து எழுத்தாக. பிறந்த திகதியையும் பாருங்கள். இது நமக்கென்றே சொல்கிறேன். தோட்டத்தில் பிறந்த நம்மில் பலருக்குப் பிறப்புப் பதிவு சிங்களத்தில் இருக்கும். பதிந்தவருக்கு நம் பெயர் எப்படிக் கேட்டதோ அப்படியே எழுதியிருப்பார். என் பிறப்புப் பதிவில் ஒரு பெயர், அடையாள அட்டையில் அதே பெயர் ஓர் எழுத்துக் கூடி, பாஸ்போட்டில் அப்பா பெயர் முன்னால் வந்து இன்னொரு விதம். கனடாவில் இறங்கியபோது எது குடும்பப் பெயர் என்று கேட்டார்கள். அவசரத்தில் எழுதிய அப்பாவின் பெயரே இன்றுவரை என்னைக் கூப்பிடும் பெயராகிவிட்டது. டாக்டர் வீட்டில் தாதி "ராமசாமி" என்று கூப்பிட, நான் எழுந்து போனால் என் முகத்தையும் பைலையும் மாறி மாறிப் பார்ப்பாள். பெயர் மாற்றம் வேண்டுமானால் விண்ணப்பிக்கும் கட்டத்திலேயே யோசியுங்கள். சான்றிதழில் பிழை இருந்தால் அங்கேயே, அன்றே சொல்லுங்கள்.

அப்புறம், நம்மூர்ப் பழக்கத்தில் அந்தச் சான்றிதழைக் கொண்டுபோய் லெமினேட் செய்துவிடாதீர்கள். ஹட்டன் டவுனில் பிறப்புப் பதிவிலிருந்து கலியாணப் பதிவு வரை எல்லாவற்றையும் பிளாஸ்டிக்கில் அடைத்துவைப்பது நம் வழக்கம். இது கடதாசியாகவே இருக்கட்டும், ஒரு கவருக்குள்.

இப்போது டிக்கெட் விஷயம். சத்தியம் எடுத்த நிமிடத்திலிருந்து நீங்கள் நிரந்தர வதிவாளர் இல்லை, அட்டையும் கையில் இல்லை. கனேடியன் பாஸ்போட் இல்லாமல் கனடாவுக்குத் திரும்பும் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். அந்தப் பாஸ்போட்டுக்கும் விழா முடிந்து இரண்டு வேலை நாள் கழித்துத்தான் விண்ணப்பிக்க வேண்டும், கைக்கு வர மேலும் நாளாகும். எங்கள் தோட்டத்துத் தம்பி ஒருவன் மாரியம்மன் திருவிழாவுக்கு வர முன்கூட்டியே டிக்கெட் போட்டிருந்தான். அழைப்பு திருவிழாவுக்கு ஒரு கிழமைக்கு முன்னால் வந்தது. டிக்கெட் காசு போனதுதான் மிச்சம். சோதனை எழுதிய பிறகு, பாஸ்போட் கையில் வரும் வரை ஊருக்கு டிக்கெட் போடாதீர்கள்.

சரி, நான் முக்கியமாகச் சொல்ல வந்ததுக்கு வருகிறேன். கனடா உங்கள் பழைய பிரஜாவுரிமையை விடச் சொல்லிக் கேட்காது. அதனால் பலர் இரண்டும் தன்பாட்டில் இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் இலங்கைச் சட்டம் வேறு. நீங்களாக விரும்பி இன்னொரு நாட்டுப் பிரஜையானால் இலங்கைப் பிரஜாவுரிமை தானாக நின்றுவிடும். யாரும் கடிதம் போட்டுச் சொல்ல மாட்டார்கள். அங்கே கையை உயர்த்தும்போதே இங்கே முடிந்துவிடும். இப்போது நான் பிறந்த லயத்துக்கு, அந்தத் தோட்டத்து வரிசை வீட்டுக்கு, 30 நாள் சுற்றுலா விசாவில்தான் வந்து உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்து வீட்டு அக்கா விளையாட்டாக "டூரிஸ்ட் வந்திருக்கு, தேத்தண்ணி ஊத்து" என்றாள். எல்லாரும் சிரித்தோம். அப்பாயி மட்டும் சிரிக்கவில்லை.

அவளுக்கு அது விளையாட்டில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடில்லாமல் போனவர்களில் அவளும் ஒருத்தி, அப்போது சின்னப் பிள்ளை. 1964 ஒக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இப்படி நாடில்லாமல் நின்ற 9,75,000 பேரைக் கணக்குப் போட்டுப் பிரித்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று. அந்த மிச்சத்தையும் 1974இல் பாதிக்குப் பாதி பிரித்தார்கள். அப்பாயியின் தம்பி இந்தியாவுக்கு எழுதிக்கொடுத்து, தலைமன்னாருக்குப் போகும் ஒப்பாரிக் கோச்சியில், அழுகையோடு ஆட்களை ஏற்றிப்போன அந்த ரயிலில் ஏறி, கடைசியில் கூடலூர்ப் பக்கம் மறுபடியும் தேயிலைத் தோட்டத்துக்கே போய்ச் சேர்ந்தார். அப்பாயி இங்கேயே இருக்க எழுதிக்கொடுத்தாள். எழுதிக்கொடுத்தவர்களிலும் பலருக்குக் கடதாசி வராமல் இழுபட்டது. அப்படி மிஞ்சியவர்களின் பிரச்சினையை முடிக்க 2003இல் 35ஆம் இலக்கச் சட்டம் வர வேண்டியிருந்தது. அவளுடைய பிரஜாவுரிமைச் சான்றிதழ் இன்றும் டிரங்குப் பெட்டிக்குள், கலியாணச் சேலையின் மடிப்பில் இருக்கிறது. மடித்த கோட்டில் நாலாகக் கிழியப் பார்க்கிறது. யாரிடமும் ஒரு வார்த்தை விசாரிக்காமலே நான் கையெழுத்துப் போட்டு விட்டுவிட்டு வந்த பொருளை, அவள் பெட்டிக்குள் அப்படி வைத்திருக்கிறாள்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது. இரட்டைப் பிரஜாவுரிமைக்கு இரண்டு வழி இருக்கிறது. வெளிநாட்டுப் பிரஜையாவதற்கு முன்பே இலங்கைப் பிரஜாவுரிமையைத் தக்கவைத்துக்கொள்ள விண்ணப்பிப்பது ஒன்று. அது இல்லாமல் போன பிறகு திரும்பப் பெற விண்ணப்பிப்பது மற்றது. விண்ணப்பத்தைப் பார்ப்பது பத்தரமுல்லையில் இருக்கும் குடிவரவு குடியகல்வுத் திணைக்களம். வெளிநாட்டில் இருந்தால் இலங்கைத் தூதரகம் வழியாகவும் கொடுக்கலாம். சும்மா கேட்டால் கொடுத்துவிட மாட்டார்கள். 55 வயதைக் கடந்திருப்பது, கல்வி அல்லது தொழில் தகைமை, இங்கே சொத்து, வங்கியில் வைப்புப் பணம் என்று தகுதி பார்ப்பார்கள். கட்டணமும் குறைவில்லை. பட்டம் முடித்த பிள்ளைகளுக்கு அந்தத் தகைமையே வழி. காலம் எடுக்கும் வேலை, அதனால் கனடா விண்ணப்பத்தைப் போடும் காலத்திலேயே இதையும் தொடங்குங்கள். தேவையா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2014இல் வந்த காணிச் சட்டப்படி வெளிநாட்டவர் இங்கே காணி வாங்கப் பெரும்பாலும் முடியாது, இரட்டைப் பிரஜைகளுக்கு அந்தத் தடை இல்லை. 200 வருடமாகச் சொந்தமாக ஒரு பிடி மண் இல்லாமல் இருந்துவிட்டு, இப்போதுதான் ஏழு பேர்ச் காணி, அதற்கு உறுதிப் பத்திரம் என்று பேச்சு அடிபடுகிறது. இந்த நேரத்தில் வெளிநாட்டவராகி நிற்பது எனக்குப் புத்திசாலித்தனமாகப் படவில்லை.

விண்ணப்பத்துக்குப் பிறப்புப் பதிவு வேண்டும். பிரதேச செயலகத்தில் பிரதி எடுக்கலாம். நம் விஷயத்தில் அதோடு நிற்காது. இலங்கையில் பிறந்தால் மட்டும் பிரஜையாகிவிட முடியாது, பெற்றோர் பிரஜையாக இருந்தார்களா என்பதைப் பார்ப்பார்கள். அதனால் அப்பா, தாத்தா, அப்பாயி யாருடைய பிரஜாவுரிமைச் சான்றிதழ் வீட்டில் இருந்தாலும் இன்றைக்கே போனில் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். எலி கடிக்கும், கூரை ஒழுகும். போன மழையில் எங்கள் லயத்தில் இரண்டு வீட்டுப் பெட்டி நனைந்தது.

இங்கிலாந்தில் இருப்பவர்களுக்கு: விழா உள்ளூர்ச் சபை மண்டபத்தில் நடக்கும். அழைப்பு வந்து மூன்று மாதத்துக்குள் எடுக்க வேண்டும். மன்னருக்கு விசுவாசம், அதோடு நாட்டுக்கு ஓர் உறுதிமொழி. அவுஸ்திரேலியாவிலும் உள்ளூர்ச் சபைதான் நடத்தும், மன்னர் பெயர் வராது, கடவுளைச் சேர்த்தும் சேர்க்காமலும் இரண்டு வாசகம் இருக்கும். நான் மேலே சொன்ன இலங்கைப் பக்கம் இரண்டு இடத்தாருக்கும் அப்படியே பொருந்தும்.

வீட்டாரையும் மறந்துவிடாதீர்கள். கோடைகாலத்தில் டொரன்டோவில் காலை பத்து மணி என்றால் இங்கே இரவு ஏழரை, குளிர்காலத்தில் எட்டரை. எங்கள் தோட்டத்தில் சிக்னல், பறித்த கொழுந்தை நிறுக்கும் மடுவத்துக்குப் பக்கத்தில்தான் ஒழுங்காகக் கிடைக்கும். என் விழா அன்று அம்மாவும் சித்தியும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு மடுவத்துப் படியில் இரண்டு மணி நேரம் காத்திருந்தார்கள். நான் மண்டபத்தை விட்டு வெளியே வந்து கூப்பிட்டபோது போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. முதல் நாளே நேரத்தைச் சொல்லிவையுங்கள். போனை முழுக்க ஏற்றிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.