தஞ்சாவூருக்கு ஒரு நாள்தான் இருக்கிறதா? வெயிலைப் பார்த்துத் திட்டம் போடுங்கள்

முதல் முறை போனபோது திருச்சியில் சாவகாசமாகச் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினேன். பெரிய கோயில் வாசலுக்கு வந்து சேரும்போது மணி ஒன்று, நடை சாத்தியாயிற்று. வெளிப் பிரகாரத்தில் நாலு எட்டு வைப்பதற்குள் உள்ளங்கால் பொசுங்கிவிட்டது. அதனால் முதலில் சொல்வது இதுதான்: முந்தின நாள் இரவே ஊருக்கு வந்து தங்கிவிடுங்கள், காலை ஆறு மணிக்குக் கோயிலில் இருங்கள். வெளியூர் பஸ்கள் பெரும்பாலும் புதிய பஸ் நிலையத்தில்தான் விடும், அது ஊருக்கு வெளியே இருக்கிறது. அங்கிருந்து பழைய பஸ் நிலையத்துக்கு டவுன் பஸ் உண்டு, கோயில் அதற்குப் பக்கம்தான். ரயிலில் வந்தால் இன்னும் வசதி, கொஞ்ச நேர ஆட்டோ பயணம்.

கோயில் கிழக்கு பார்த்தது, அதனால் காலை வெயில் நேராக முகப்பில் விழும். கேரளாந்தகன் வாசல், ராஜராஜன் வாசல் இரண்டையும் தாண்டி நந்தியைச் சுற்றிக்கொண்டு வந்தால், 200 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கிற விமானம் முழுசாகத் தெரியும். எல்லோரும் அண்ணாந்து பார்த்து, போட்டோ எடுத்து, சாமி கும்பிட்டு, அரை மணியில் கிளம்பிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அண்ணாந்து பார்த்தது போதும் என்று தோன்றியதும் குனிந்து விமானத்தின் அடிப்பகுதியைப் பாருங்கள், அங்கே வரி வரியாக எழுத்து ஓடுகிறது.

ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய எழுத்து நமக்கு எங்கே புரியப் போகிறது என்று விட்டுவிட வேண்டாம். அது தமிழ்தான். ட, ப, ம மாதிரி எழுத்துகள் சீக்கிரமே கண்ணுக்குப் பிடிபடும். பெரும்பாலும் புள்ளி வைக்கமாட்டார்கள், அதை மட்டும் நாமே ஊகித்துக்கொள்ள வேண்டும். 1010-ல் கோயிலை முடித்த ராஜராஜன், தான் கொடுத்ததை மட்டும் எழுதச் சொல்லவில்லை. 'நாம் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்' கல்லிலே வெட்டச் சொன்னான். அந்த 'மற்றும் குடுத்தார்' என்ற இடத்துக்கு வரும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். ஒரு விளக்கு அணையாமல் எரிய 96 ஆடு, அதற்கு நாளுக்கு ஓர் உழக்கு நெய் என்று கணக்கு இருக்கிறது. கோயிலில் ஆடிய 400 பெண்களின் பெயர்கள் தெருவின் எந்தப் பக்கம், எத்தனையாவது வீடு என்ற விவரத்தோடு இருக்கின்றன. ஒரே ஒரு சொல்லைப் படித்துவிட்டாலும் போதும், அப்புறம் அந்தச் சுவர் உங்களை விடாது.

ஒன்பது மணிக்கு மேல் கல் சுட ஆரம்பிக்கும். வெளியே வந்து டிபன் சாப்பிட்டுவிட்டு அரண்மனைக்குப் போங்கள். நாயக்கர்கள் கட்டியது, பிறகு மராட்டியர் இருந்தது. சரஸ்வதி மகால் நூலகத்தின் காட்சிக்கூடம் சின்னதுதான், இரண்டாம் சரபோஜி சேர்த்த அபூர்வப் படங்கள் அங்கே இருக்கின்றன. ஆனால் நேரத்தை அதே அரண்மனையில் இருக்கிற கலைக்கூடத்துக்கு மிச்சம் வையுங்கள். திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகனர், அதாவது காளையோடு நிற்கிற சிவன் சிலையைத் தேடிப் பிடியுங்கள், 1011-ல் செய்தது. சடையைப் பாம்போடு சேர்த்துத் தலைப்பாகை மாதிரி சுற்றியிருக்கும். ஒரு கையை மடக்கிக் காளைமேல் சாய்த்தபடி நிற்கிறார், காளைதான் இப்போது இல்லை. இல்லாத காளையின் உயரமும் முதுகின் வளைவும் அந்தக் கையிலேயே தெரிகிறது. முன்னால் நின்று பார்த்தது போதாது, பக்கவாட்டிலும் போய் நின்று பாருங்கள்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அறையில் கொஞ்சம் படுங்கள். கடைக்குப் போக ஆசை இருந்தால் தலையாட்டி பொம்மை வாங்கலாம், வீணை செய்கிற இடம் எங்கே என்று விசாரித்து எட்டிப் பார்க்கலாம். ஒரே பலாமரத்தில் குடைந்து செய்கிற ஏகாந்த வீணையைப் பாதி வேலையில் பார்ப்பது தனி அனுபவம்.

நடை நாலு மணிக்குத் திறக்கும். ஐந்துக்கு மறுபடியும் கோயிலுக்குப் போங்கள். கட்டாயம் போங்கள். இந்த முறை பின்பக்கம், மேற்குப் பிரகாரத்தில் உட்காருங்கள், சாயங்கால வெயில் அங்கேதான் விழும். விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று யாராவது சொல்வார்கள். அது உண்மையில்லை, அந்த நேரத்தில் கிழக்குப் பக்கம் போனால் நிழல் நீளமாகக் கிடப்பதை நீங்களே பார்க்கலாம். பிள்ளைகளோடு போனால் அந்த நிழலின் ஓரத்தை மிதித்துக்கொண்டே நடக்கச் சொல்லுங்கள்.

இன்னொரு அரை நாள் கிடைத்தால் திருவையாறு. பக்கம்தான், டவுன் பஸ் இருக்கிறது, ஜன்னலோரம் உட்காருங்கள். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, கடைசியாகக் காவிரி என்று வரிசையாகப் பாலங்கள் வரும். மேட்டூரில் தண்ணீர் திறந்த பிறகு போனால் ஐந்திலும் தண்ணீர் ஓடும், கோடையில் வெறும் மணல்தான். இறங்கியதும் ஐயாறப்பர் கோயில், காவிரிக் கரையில் தியாகராஜர் சமாதி. திரும்பும்போது கடைத்தெருவில் அசோகா வாங்கிக்கொள்ளுங்கள். பாசிப்பருப்பில் செய்வது, சூடாக இருக்கும்போதே சாப்பிட்டுவிட வேண்டும்.